எனக்கு மட்டும் வந்த மின்னஞ்சல்

கிள்ளானில் ஒரு சரக்கு அனுப்பும் நிறுவனத்தில் பதின்மூன்று ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். ஏற்றுமதிப் பத்திரங்கள் என் பொறுப்பு. தொழிற்சாலையில் சாமான் கண்டெய்னரில் ஏறி, லோரியில் துறைமுகத்துக்குப் போய், கப்பல் ஏறும் வரைக்கும் அதற்கு வேண்டிய காகிதமெல்லாம் என் கை வழியாகத்தான் போகும். வீடு கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில். காலையில் ஊரே கோலாலம்பூருக்குள் வந்துகொண்டிருக்கும்போது நான் கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறி எதிர்த்திசையில் போவேன். உட்கார எப்போதும் இடம் கிடைக்கும்.

ஆள் தேவை என்று அவர்கள் போட்டிருந்த விளம்பரத்தில், 'டீம் பிளேயர்' ஆக இருக்க வேண்டும், வேகமான சூழலில் வேலை செய்யத் தெரிய வேண்டும் என்று இருந்தது. நேர்முகத்தில் மேனேஜர், "நீங்க டீம் பிளேயரா?" என்று கேட்டார். ஸ்கூலில் நெட்போல் ஆடியிருக்கிறேன் என்று சொன்னேன். அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். வேலை கிடைத்துவிட்டது.

வேகம் என்றால் என்ன என்று முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. கப்பல் யாருக்காகவும் நிற்காது. 'குளோசிங்' என்று ஒரு நேரம் உண்டு. அதற்குள் கண்டெய்னர் துறைமுக வாசலைத் தாண்டியிருக்க வேண்டும். தாண்டாவிட்டால் அடுத்த வாரக் கப்பல்தான். ஒரு காதில் தொழிற்சாலைக்காரர் கத்துவார், இன்னொரு காதில் லோரி டிரைவர் கத்துவார். குழுவாக வேலை செய்வது என்றால் என்ன என்பதையும் நானாகவே ஒருவாறு புரிந்துகொண்டேன். நெருக்கடி நாளில் லீவு எடுக்காமல் இருப்பது, மற்றவர் வேலை தேங்கினால் கேட்காமல் எடுத்துச் செய்வது, யாரைப் பற்றியும் மேலிடத்தில் போட்டுக்கொடுக்காமல் இருப்பது. பத்து வருடம் அப்படித்தான் இருந்தேன். யாரும் குறை சொன்னதில்லை. யாரும் பாராட்டியதும் இல்லை. பாராட்டு என்று ஒன்று அந்த அலுவலகத்தில் கிடையாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அவள் வரும் வரைக்கும்.

அவள் என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். என் பகுதிக்கே இரண்டாவது ஆளாக எடுத்தார்கள். வேலையில் குற்றம் கண்டுபிடிக்க நான் முயன்று பார்த்தேன், முடியவில்லை. சுறுசுறுப்பாக இருந்தாள், தெரியாததைத் தெரியாது என்று சொன்னாள், ஒரு முறை சொன்னதை மறுமுறை கேட்கவில்லை.

முதல் குத்து நானாவிடமிருந்து வந்தது. லோரிகளை அனுப்பும் பொறுப்பில் இருந்த தமிழ் முஸ்லிம் பெரியவரை நாங்கள் எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். அவர் என்னைப் பத்து வருடமாக "தங்கச்சி" என்று கூப்பிட்டு வந்தார். அலுவலகம் முழுவதிலும் அந்தப் பெயர் எனக்கு மட்டும்தான் இருந்தது. அவள் வந்த மூன்றாவது வாரம் நானா கதவருகில் நின்று, "தங்கச்சி, நம்பர் அனுப்பிட்டீங்களா?" என்று கேட்டார். "அனுப்பிட்டேன் நானா" என்று சொல்லிக்கொண்டே திரும்பினேன். அவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "உங்களக் கேக்கல அக்கா" என்றார்.

ஒரே நாளில் அக்காவாகிவிட்டேன்.

அதற்குப் பிறகு எல்லாமே கண்ணில் பட ஆரம்பித்தது. யாருக்கு என்ன கோப்பி என்று அவளுக்குத் தெரியும். மேனேஜருக்குச் சீனி போடாத கறுப்புக் கோப்பி. நானாவுக்கு இஞ்சி போட்ட தேத்தண்ணி. இறக்குமதிப் பகுதியைப் பார்க்கும் மலாய்க்கார அம்மாவை எல்லோரும் 'காக்' என்று அழைப்போம். மலாயில் அக்கா என்று பொருள். அவருக்கு ஐஸ் போட்ட மைலோ, ஐஸ் குறைவாக. டிரைவர்களின் பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள் என்றுகூட அவள் விசாரித்து வைத்திருந்தாள். பத்து வருடமாக அந்த டிரைவர்களை நான் லோரி நம்பரால்தான் அறிந்திருந்தேன்.

நானும் ஒரு நாள் முயற்சி செய்தேன். பிரிக்பீல்ட்ஸில் காலையிலேயே வரிசையில் நின்று, உருளைக்கிழங்கு வைத்துப் பொரித்த கரிபாப் இருபது வாங்கி, சூடு ஆறாமல் துணியில் சுற்றி ரயிலில் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். எல்லோரும் எடுத்துச் சாப்பிட்டார்கள். நானா ஒன்றைக் கடித்துக்கொண்டே, "இன்னிக்கு என்ன விசேஷம் அக்கா? அந்தப் பொண்ணுக்குப் பொறந்த நாளா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

இதில் பெரிய கொடுமை, அவளும் பிரிக்பீல்ட்ஸில்தான் குடியிருந்தாள். வாடகை அறை. காலையில் அதே ரயில், பெரும்பாலும் என் பக்கத்து இருக்கை. கிள்ளான் வரைக்கும் ஒரு மணி நேரம். "சாப்ட்டீங்களாக்கா?" என்று தொடங்குவாள். நான் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு 'ம்' போடுவேன். அவளுக்கு அது உறைக்கவே இல்லை என்று நினைத்தேன். உறைக்காமல் இருப்பதும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

அந்த வருடக் கடைசியில் மேனேஜர் கூட்டம் போட்டு, சீனப் புத்தாண்டுக்குப் பிறகு ஒரு டீம் லீடரை நியமிக்கப்போவதாகச் சொன்னார். சொல்லும்போது அவர் கண் என் மேலும் விழவில்லை, அவள் மேலும் விழவில்லை. ஆனாலும் எனக்குள் ஒரு கணக்கு இருந்தது. பதினோரு வருடம் வேறு யாருக்கு இருக்கிறது?

இரண்டு வாரம் கழித்து ரயிலில் அவளே சொன்னாள்.

"அக்கா, பாஸ் நேத்து என்னைக் கூப்ட்டு, லீடர் வேலை செய்ய முடியுமான்னு கேட்டாரு."

"ம்."

"அக்கா இருக்கும்போது நான் எப்படி பாஸ்னு சொல்லிட்டேன் லா. உங்களுக்குத்தானே கொடுக்கணும்."

நல்ல மனதோடுதான் சொன்னாள். இன்று அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அன்றைக்கு, எனக்கு உரியதை அவள் எடுத்து, தன் கையால் எனக்குத் திருப்பித் தருகிற மாதிரி இருந்தது. பத்து வருடம் உழைத்தவளுக்கு இவள் சிபாரிசு.  இறங்கும்போது, "ஏன், நீயே எடுத்துக்க வேண்டியதுதானே" என்றேன். 

சீனப் புத்தாண்டுக்கு முதல் நாள் வந்தது. அந்த மாதிரி நாட்களில் எல்லாத் தொழிற்சாலைகளும் விடுமுறைக்கு முன் சரக்கைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். அன்று அவள் பொறுப்பில் ஒரே வாடிக்கையாளரின் மூன்று கண்டெய்னர்கள் இருந்தன. இரண்டு ஏற்கெனவே கிள்ளானில் எங்கள் லோரி நிற்கும் இடத்துக்கு வந்துவிட்டன. மூன்றாவது சுங்கை வே தொழிற்சாலையில் இன்னும் சாமான் ஏறிக்கொண்டிருந்தது. குளோசிங் மாலை ஆறு மணி. அவசரமே இல்லை.

பதினொன்றரை மணிக்கு எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. கப்பல் முன்கூட்டியே புறப்படுகிறது, குளோசிங் ஆறு மணிக்குப் பதில் மதியம் இரண்டு மணி. அவளுடைய மூன்று கண்டெய்னர் ஏற வேண்டிய கப்பல். பெறுநர் இடத்தில் என் முகவரி மட்டும் இருந்தது. கப்பல் ஏஜண்டு அலுவலகத்தில் ஒருவர் பழைய பட்டியலை மாற்றாமலே வைத்திருந்தார். இதற்கு முன்னும் இப்படி வந்திருக்கிறது. வந்த கையோடு அவளுக்கு அனுப்பிவிடுவேன்.

அவள் இரண்டு மேசை தள்ளித்தான் உட்கார்ந்திருந்தாள். தலையைத் திருப்பி ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த நேரம் பார்த்து அவள் காக்கிடம் மெல்ல ஏதோ சொல்ல, காக் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். நான் மின்னஞ்சலை மூடினேன்.

அழிக்கவில்லை. மூடினேன், அவ்வளவுதான். அவள் வேலை, அவளே ஏஜண்டுக்குப் போன் அடித்து உறுதி செய்திருக்க வேண்டும், அதுதான் முறை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கடிகாரத்தைப் பார்த்தேன். பயந்துகொண்டிருந்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. உண்மை அதுவல்ல. அந்த ஒரு மணி நேரம் எனக்கு உள்ளுக்குள் இதமாக இருந்தது. குளிர்நாளில் சூடான டம்ளரைப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல.

பன்னிரண்டே முக்காலுக்கு அவள் போன் அடித்தது, ஏஜண்டு அலுவலகத்திலிருந்து. கேட்டுக்கொண்டே எழுந்து நின்றாள். போனை வைத்துவிட்டு முதலில் என்னைத்தான் பார்த்தாள்.

"அக்கா, குளோசிங் ரெண்டு மணியாம்."

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு மூச்சு வாங்கும். நானா சோற்றுப் பொட்டலத்தை அப்படியே விட்டுவிட்டு வெளியே ஓடினார். டிரைவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். ஒருவரை ரோட்டோர ஒட்டுக்கடையிலிருந்து இழுத்துக்கொண்டு வந்தார். காக் தன் வேலையை மூடி வைத்துவிட்டுச் சுங்க அலுவலகத்துக்குப் போன் போட்டு மலாயில் கெஞ்ச ஆரம்பித்தார். துறைமுக நுழைவுப் பத்திரங்களில் நேரத்தை மாற்றி மறுபடியும் பதிய வேண்டும். அது என் வேலை. அவள் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று எண்களைப் படித்தாள், நான் தட்டினேன். கண்டெய்னர் எண், சீல் எண், லோரி எண். ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. நான் கேட்பதற்கு முன் அடுத்த எண்ணைச் சொன்னாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் நான் தட்டியிருந்தேன். ஒரு மணி நேர வேலை இருபது நிமிடத்தில் முடிந்தது. பதினோரு வருடத்தில் யாரோடும் எனக்கு அப்படி வேலை ஓடியதில்லை. அது எனக்கு அந்த இருபது நிமிடத்திலேயே தெரிந்தது. தெரிந்தும் என் விரல்கள் நடுங்கவில்லை, அதுதான் இப்போது ஆச்சரியம்.

கிள்ளானில் இருந்த இரண்டு கண்டெய்னர்களும் இரண்டு மணிக்குள் உள்ளே போய்விட்டன. சுங்கை வேயிலிருந்து கிளம்பிய மூன்றாவது, பண்டிகை நெரிசலில் ஃபெடரல் ஹைவேயில் ஊர்ந்து வந்து சேர்ந்தபோது இரண்டு இருபது. வாசலில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பதினொன்றரைக்கே சொல்லியிருந்தால் வந்து சேர்ந்திருக்கும்.

அதை ஓட்டி வந்தவர் ஒரு சீன அங்கிள். சரக்கை இறக்கிவிட்டு நேராகத் தூரத்தில் தெலுக் இந்தானில் இருக்கும் தன் வீட்டுக்கு வண்டி விடுவதாக இருந்தார். புத்தாண்டுக்கு முந்திய மாலை அவர்கள் வீட்டில் எல்லோரும் கூடி ஒரே மேசையில் சாப்பிடுவார்கள். வருடத்தில் அவர்களுக்கு முக்கியமான சாப்பாடு அது. சரக்கோடு லோரியை ரோட்டோரம் விட முடியாது. சுங்கை வேக்குத் திருப்பிக் கொண்டுபோய், பூட்டியிருந்த தொழிற்சாலையைத் திறக்க ஆள் வரும் வரைக்கும் காத்திருந்தார். அவர் வீடு போய்ச் சேர்ந்தபோது சாப்பாடு முடிந்துவிட்டதாம். விடுமுறை முடிந்து வந்த அன்று நானாதான் சொன்னார். "வயசான அம்மா ஒரு தட்டுல எடுத்து மூடி வச்சிருந்தாங்களாம். அங்கிள் ஒண்ணுமே சொல்லல. அதான் எனக்குக் கஷ்டமா இருக்கு."

வாடிக்கையாளர் விளக்கம் கேட்டிருந்தார். அறிக்கை எழுதும் வேலை அவளுக்கு வந்தது. காலையில் என் மேசைக்கு வந்தாள்.

"அக்கா, ஏஜண்டு உங்க மெயிலுக்கு அனுப்பினதா சொல்றாங்க. இருந்தா ஃபார்வர்ட் பண்றீங்களா? ரிப்போர்ட்ல சேர்க்கணும்."

தேடிப் பார்க்கிறேன் என்றேன். தேட என்ன இருக்கிறது? அழித்துவிட்டு வரவில்லை என்று சொல்லலாம். கை அந்தப் பொத்தான் வரைக்கும் போனது. ஆனால் ஏஜண்டிடம் அனுப்பியதற்கு அத்தாட்சி இருக்கும். அதனால்தான் அழிக்கவில்லை, நேர்மையால் அல்ல. அனுப்பினேன். பதினொன்று முப்பத்திரண்டு என்று நேரம் மேலேயே இருந்தது. அன்று நான் அதைத் திறந்தவுடனே, படித்துவிட்டேன் என்ற அத்தாட்சி ஏஜண்டுக்குத் தானாகவே போயிருந்தது. படித்த நேரத்தோடு அந்த வரியும் கீழே ஒட்டிக்கொண்டிருந்தது.

அவள் அதைப் படிப்பதை இரண்டு மேசை தள்ளி இருந்து பார்த்தேன். நிறைய நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பவில்லை. மதியம் அறிக்கையின் நகல் எல்லோருக்கும் வந்தது. அறிவிப்பு பழைய முகவரிப் பட்டியலுக்கு அனுப்பப்பட்டதால் எங்கள் குழு அதைக் குறித்த நேரத்தில் கவனிக்கவில்லை என்று எழுதியிருந்தாள். எங்கள் குழு. என் பெயர் எங்கும் இல்லை. மின்னஞ்சலின் கடைசி வரியை வெட்டிவிட்டு இணைத்திருந்தாள்.

நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். எனக்கோ உடம்பெல்லாம் எரிந்தது. கோப்பியில் தோற்றேன், சிரிப்பில் தோற்றேன், இப்போது நல்லவளாக இருப்பதிலும் தோற்றுவிட்டேன். இனி ஒவ்வொரு காலையும் ரயிலில் அவள் தயவில் நான் உட்கார்ந்து போக வேண்டும். அதை என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது. எழுந்து நேராக மேனேஜர் அறைக்குப் போனேன்.

"பாஸ், அந்த மெயில் நான் பதினொன்றரைக்கே பார்த்துட்டேன். தெரிஞ்சேதான் அனுப்பல."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "ஏன்?"

"அவ மாட்டட்டும்னு நெனச்சேன்."

சிலர் இதைக் கேட்டுவிட்டு, கடைசியில் உண்மையைச் சொன்னாயே, பெரிய மனசு என்று சொல்லியிருக்கிறார்கள். பெரிய மனசெல்லாம் ஒன்றுமில்லை. உண்மையைச் சொன்னதும் பொறாமையால்தான்.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அறிக்கையில் தெரிந்தே ஒரு வரியை மறைத்ததற்காக அவளையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவளுக்கும் ஒரு கடிதம். வெளியே வந்தவள் என் மேசைக்கு முன்னால் நின்றாள். அவள் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"நான் உங்களைக் கேட்டேனாக்கா? சொல்லப் போறேன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? என் ரிப்போர்ட்டைப் பொய்யாக்கிட்டீங்க."

நானாவும் காக்கும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.  டீம் லீடர் பதவி காக்குக்குப் போனது. காக் அதை எதிர்பார்க்கவே இல்லை. நன்றாகத்தான் செய்கிறார்.

பிறகு இரண்டு மாதம் அவள் வேறு பெட்டியில் ஏறினாள். பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. இதைத்தானே விரும்பினாய் என்று என்னைக் கேட்டுக்கொள்வேன். ஒரு காலையில் ரயில் ஷா ஆலாமில் பழுதாகி நின்றுவிட்டது. எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். பிளாட்பாரத்தில் கூட்டம் மெல்லக் கலைந்தபோது, ஒரே பெஞ்சில் இரண்டு முனையில் நாங்கள் இரண்டு பேர். அவள்தான் முதலில் கேட்டாள்.

"என்னை ஏன்க்கா பிடிக்காமப் போச்சு?"

"எல்லாருக்கும் உன்னைப் பிடிச்சுது. அதான்."

அவள் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "முன்னாடி செராஸ்ல ஒரு கம்பெனில இருந்தேன். ஆறு மாசத்துல அனுப்பிட்டாங்க. வேலைல ஒரு தப்பும் இல்ல, ஆனா யாரோடயும் ஒட்ட மாட்டேங்கிறன்னு சொன்னாங்க. எனக்குப் பேசவே வராதுக்கா. இங்க வந்தப்புறம் யாருக்கு என்ன கோப்பி, யார் பிள்ளை எங்க படிக்குதுன்னு புக்குல எழுதி வச்சு, ரயில்ல வரும்போது மனப்பாடம் பண்ணுவேன். உங்க பக்கம்தான் ஈஸியா இருக்கும். நீங்க பேச மாட்டீங்க. நானும் சிரிக்க வேண்டியதில்ல."

நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த அந்த ஒரு மணி நேரம்தான் அவளுக்கு நாளிலேயே ஓய்வாம்.

"சாரி" என்றேன்.  "சரிக்கா" என்றாள். மாற்றுப் பேருந்து வந்து நாங்கள் ஏறினோம். பழையபடி ஆகிவிட்டோம் என்று சொல்ல முடியாது. ஆனால் மறுநாளிலிருந்து அவள் என் பெட்டியில் ஏறினாள். சில நாள் பக்கத்தில் உட்காருவாள், சில நாள் எதிரில். சீன அங்கிளிடமும் ஒரு நாள் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கையை வீசி, முடிந்துபோன விஷயம் என்பதுபோல லோரியில் ஏறிக்கொண்டார். மன்னித்தாரா, பேச விருப்பமில்லையா என்று தெரியவில்லை.

அடுத்த வருடம் அவள் காஜாங் பக்கம் ஒரு பெரிய கம்பெனிக்குப் போய்விட்டாள். வழியனுப்பும் சாப்பாட்டில் நானா அழுதார். நான் போனால் அழுவாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது எனக்கு வரும் அறிவிப்புகளை வந்த நிமிடமே எல்லோருக்கும் அனுப்பிவிடுகிறேன். அது ஒன்றுதான் மாறியிருக்கிறது. மனசு பழைய மனசுதான்.

போன தீபாவளிக்கு அவள் வாட்ஸாப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். புது அலுவலகத்தில் எல்லோரும் சேலையும் மலாய் பாஜுவும் உடுத்திக்கொண்டு எடுத்தது. பத்துப் பேர், நடுவில் அவள். எல்லோரும் அவள் பக்கம் சாய்ந்து சிரிக்கிறார்கள். என் வீட்டு அடுப்பில் முறுக்கு வெந்துகொண்டிருந்தது. நான் படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். வலது ஓரத்தில், என் வயதிருக்கும், ஒரு பெண் மட்டும் சிரிக்காமல் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நின்றாள். முறுக்கு கருகும் வாசனை வரும் வரைக்கும் அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.